உன் ஏர் ஃப்ரையரை இறக்கினோம், அக்கா

என் தங்கமான ஸ்டெல்லா அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு ஒருத்தியை அழைத்து வந்தேன். மாமாவுக்குக் கட்டிவைக்கத்தான். பெயர் பிலோமினா. உன்னிடம் இதை வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

மஞ்சள் காமாலையில் நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன் முதல் வருஷப் பூசை முடிந்து, கல்லறையிலிருந்து ராயபுரத்தில் உன் வீட்டுக்குத் திரும்பிய அன்றே அம்மா பேச்சை எடுத்துவிட்டாள்.

"ஜெனி பொட்டப் புள்ள. வெளியாளு வந்தா அவள நல்லா பாத்துக்குவாளா? நீயே உங்க மாமாவ கட்டிக்கினா இன்னாடி?"

உறவுக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மாமாவை மட்டும் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டேன். துணி காய்கிற கொடிக்குப் பின்னால் ஹார்பர் கிரேன் தெரியுமே, அங்கே போய் நின்றார்.

"உனுக்கு இன்னா வேணும் மாமா? எனக்காகப் பாக்காத. நெஜத்த சொல்லு."

"நீ எட்டாங்கிளாஸ் படிக்க சொல்லோ சைக்கிள்ல குந்த வச்சி இஸ்கூலுக்கு இட்டுகினு போனவன் நானு. எனக்கு நீ ஸ்டெல்லாவோட தங்கச்சி, ரெஜி. அவ்ளோதான். அவங்க பேசறத கேக்கவே ஒரு மாரி கீது."

"எனக்கும் அப்டித்தான் மாமா கீது."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரித்தோம் என்று நீயாவது தப்பாக நினைக்க மாட்டாய் அல்லவா?

கீழே இறங்கி அம்மாவிடம் சொன்னேன், நான் கட்டிக்கொள்ள மாட்டேன், ஆனால் மாமாவுக்கு நானே நல்ல பெண்ணாகப் பார்ப்பேன் என்று. அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் அசையவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

பிலோமினா திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் என்னோடு வேலை செய்கிறாள். லாரிகள் உள்ளே போகும் சீட்டை ஜன்னலில் உட்கார்ந்து போட்டுக் கொடுப்பவள். வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற டிரைவர்கள் அந்த ஜன்னலில் வந்து கத்துவார்கள். நான் திருப்பிக் கத்துவேன். அவள், அந்த ஆள் முழுவதும் பேசி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு இரண்டு வார்த்தை சொல்வாள், அவன் அடங்கிப் போவான். புருஷன் இறந்து ஏழு வருஷம், பிள்ளைகள் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "ஜெனிக்கு இது புடிச்சிகீதா?"

பிடிக்கவில்லை. உன் மகள் இப்போது பத்தாவது. உன்னை மாதிரியே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள், "எனக்கு ஒரு சித்தி கீறாங்க, போதும். அவங்க வரதுன்னா வரட்டும். அம்மா கிச்சனுக்குள்ள மட்டும் வரக்கூடாது."

உன் சமையலறை நீ வைத்தபடியேதான் இருக்கிறது, அக்கா. கடைசியாக நீ ஆசைப்பட்டு வாங்கிய ஏர் ஃப்ரையரை மட்டும் ஜெனி உன் நீல நைட்டியில் சுற்றி பீரோ மேல் ஏற்றிவிட்டாள். அதில் நீ சூடான காற்றிலேயே வஞ்சரம் வறுத்தாய், வாழைக்காய் வறுத்தாய். அவளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குச் சூடான ஆப்பிள் இனிப்பு செய்தாய். அதற்கு அடுத்த மாதம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

பிலோமினா வருகிற அன்று அந்த இனிப்பைத்தான் செய்வது என்று முடிவு செய்தேன். கடையில் கேக் வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் ஆசைப்பட்டு எதையும் செய்து சாப்பிடவில்லை. வருகிறவளுக்கு அப்படி ஒரு வீட்டைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

"நீ செஞ்சா அம்மா செஞ்ச மாரி வராது சித்தி," என்றாள் ஜெனி.

"வராது. நான் செஞ்ச மாரி வரும். அத எடுத்துக் குடு."

கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, அவளே இறக்கிக் கொடுத்தாள். நைட்டியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை செய்து பார்த்தது கேவலம். மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் பிசிறி ஆப்பிள் துண்டுகள் மேல் தூவினேன். உள்ளே விசிறி சுற்றிய வேகத்தில் மாவு பறந்து, மேலே சூட்டுக் கம்பியில் ஒட்டி, வீடு முழுக்கப் புகை. மேல்பக்கம் கரி, அடியில் ஆப்பிள் பச்சையாக நறுக் நறுக்கென்று. மாமா அதையும் ஒரு கிண்ணம் சாப்பிட்டார், பாவம்.

வெள்ளிக்கிழமை சூட்சுமம் பிடிபட்டது. முதலில் ஆப்பிளை மட்டும் சர்க்கரை, பட்டைத் தூள், உலர்திராட்சை, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு போட்டுக் கலந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து, மேலே ஃபாயில் தாளை இறுக்கி மூடி வேகவிட வேண்டும். பன்னிரண்டு நிமிஷம். அப்புறம் தாளை எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டி வெண்ணெயில் பிசைந்த மாவை உதிர்க்காமல் சின்னச் சின்னக் கட்டியாகப் பிடித்து, பழத்தின் மேல் அழுத்தி வைக்க வேண்டும். சூட்டைக் குறைத்து இன்னொரு பத்து நிமிஷம். ஒரு துளி பறக்கவில்லை. மேலே பொன்னிறம், அடியில் பாகு கொதிக்கிற சத்தம். நீ எப்படிச் செய்தாயோ தெரியாது. நான் செய்தது பிரமாதம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிலோமினா வந்தாள். அம்மா ஹாலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். ஜெனியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பிலோமினா சமையலறை வாசலுக்கு வந்து, படியைத் தாண்டாமல் நின்றாள்.

"உள்ள வா பிலோ," என்றேன்.

"வேணாம் ரெஜி. அந்தப் பொண்ணு கூப்ட்டா வரேன்."

ஜெனி சொன்னதை நான் அவளிடம் சொல்லவே இல்லை, அக்கா. அவளாகத்தான் நின்றாள்.

பட்டையும் வெண்ணெயும் வேகிற வாசனை வீட்டைச் சுற்றி வந்ததும் கதவு திறந்தது. ஜெனி வந்து மேஜையில் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் சூடாகக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வைத்துக் கொடுத்தேன்.

"இன்னாடி இது, ஆப்பிள வேவிச்சி குடுக்கற, காய்ச்சக்காரிக்கு குடுக்கற மாரி," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வழித்துச் சாப்பிட்டாள்.

ஜெனி ஒரு வாய் எடுத்து வைத்தாள். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது அம்மாது இல்ல."

இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் எல்லோரும் என்ன செய்வோம் தெரியுமா? பேச்சை மாற்றுவோம். நானும் இன்னும் கொஞ்சம் ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பிலோமினா கேட்டுவிட்டாள்.

"அம்மாது எப்டி இருக்கும் ஜெனி?"

ஜெனி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பட்டத் தூள் ஜாஸ்தி போட்ருவாங்க. இருமல் வரும்."

"அப்பறம்?"

"ஆப்பிள் தோல எடுக்க மாட்டாங்க. கேட்டா சத்துன்னு சொல்லுவாங்க. சோம்பேறித்தனம்."

"அது நெஜம்தான். ஸ்டெல்லா அப்டித்தான்," என்றார் மாமா. மூன்று வருஷத்தில் ஜெனி எதிரில் உன் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பிறகு ஜெனி நிறுத்தவில்லை. ரேடியோ பாட்டுக்கு நீ தப்புத் தப்பாக வார்த்தை போட்டுப் பாடுவாயாம். கோபம் வந்தால் கழுவின பாத்திரத்தையே மறுபடி சத்தமாகக் கழுவுவாயாம். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவளை உள்ளே விடவில்லையாம், ஜன்னல் வழியாகக் கையாட்டினாளாம், நீ பார்த்தாயா இல்லையா என்று இன்னும் தெரியவில்லையாம். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். பிலோமினா அழாதே என்று சொல்லவில்லை. கட்டிப்பிடிக்கவும் போகவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெனி மனசு நோகக்கூடாது என்று நாங்கள் உன் பேச்சையே எடுக்காமல் இருந்தோம். யாராவது கேட்க மாட்டார்களா என்று அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ஏன் அது தோன்றவில்லை, அக்கா? உன் கூடப் பிறந்தவள் நான்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெனி எழுந்து சமையலறைக்குள் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆண்ட்டி, இன்னும் கொஞ்சம் கீது. உள்ள வாங்களேன், கிண்ணம் சுடுது, என்னால தூக்கிகினு வர முடியாது."

பிலோமினா போனாள். நான் போகவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் மாமாவுக்கும் பிலோமினாவுக்கும் முதல் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முந்தாநாள்கூட ஜெனி முறுக்கிக்கொண்டு பிலோமினாவின் போனை எடுக்கவில்லை. நேற்று அவளே கூப்பிட்டிருக்கிறாள். அப்படித்தான் கொஞ்ச நாள் போகும். எனக்குப் பயம் இல்லை.

கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்து நான்தான் போடப்போகிறேன். அதற்கு முன்னால் உனக்கு ஒரு வாக்கு. உன் பெயர் அந்த வீட்டில் சத்தமாகப் புழங்கும். மூன்று பேரும் சாப்பிட உட்காரும்போது, சண்டை போடும்போது, சிரிக்கும்போது. எந்த வாரமாவது யாரும் உன்னைப் பற்றிப் பேசவில்லை என்று தெரிந்தால், நான் பஸ் பிடித்துப் போய் நடு ஹாலில் உட்கார்ந்து ஆரம்பித்து வைப்பேன். இது சத்தியம்.

உன் சடையைப் பிடித்து இழுத்தே வளர்ந்த
உன் ஒரே தங்கச்சி,
ரெஜி