சிவப்புக் கோட்டில் விட்ட போர்டு

12 பிப்ரவரி 2025, புதன்

காலையில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலைத் திறந்தால் மெத்தை எல்லாம் கருப்பு. ராத்திரி பூராவும் பக்கத்து இரும்பு மில் துப்பிய தூசி. பெருக்கித் துடைக்கவே முக்கால் மணி நேரம். நான்கு முறை மாநில சாம்பியன், தேசியப் போட்டியில் வால்ட்டில் வெள்ளி, கையில் துடைப்பம். சிரிப்புத்தான் வருகிறது.

குதிகால் வலி குறையவில்லை. கோச் ஜெரால்ட் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஓய்வு எடு என்பார். அடுத்த மாதம் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு. எனக்கு இருபத்திரண்டு, இந்த விளையாட்டில் அது கிழவி வயசு. இந்த முறையும் வேலை கிடைக்காவிட்டால் கவரைப்பேட்டையில் நைனாவோடு நாற்றுப் பிடுங்கப் போக வேண்டியதுதான்.

பயிற்சிக்கு வரும் ஷைனி இன்று முதன்முறையாக வால்ட் டேபிளில் கை ஊன்றிச் சுத்தமாகத் தாண்டினாள். பன்னிரண்டு வயசு. இறங்கியதும் சந்தோஷத்தில் ஹாலைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடினாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, பொய் எதற்கு.

19 பிப்ரவரி

ஷைனி விழுந்துவிட்டாள். கழுத்து.

20 பிப்ரவரி

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

எங்கள் ஹாலில் ஒரே ஒரு ஸ்பிரிங் போர்டு. ஓடி வந்து அதை மிதித்து எம்பித்தான் டேபிளில் கை வைக்க வேண்டும். அதை வைக்கத் தரையில் இரண்டு கோடு. சிவப்பு எனக்கு, டேபிளில் இருந்து தள்ளி. வெள்ளை சின்னப் பிள்ளைகளுக்கு, கிட்டத்தில். நான் குதித்து முடித்ததும் போர்டை வெள்ளைக்குத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு முறை கை தட்டுவேன். எட்டு வருஷமாக இதுதான் வழக்கம். பிள்ளைகள் கோட்டைப் பார்ப்பதில்லை. கைதட்டலை நம்பி ஓடி வருவார்கள்.

நேற்று என் வால்ட் அருமையாக அமைந்தது. இறங்கிய இடத்திலேயே அசையாமல் நின்றேன். அதே நேரம் சார் வாசலில் இருந்து, "ஜோதி, லிஸ்ட்டு வந்துட்ச்சி, உன் பேரு கீது" என்றார். ரயில்வே தேர்வுக்கான லிஸ்ட். ஓடினேன். போர்டைத் தள்ளவில்லை. கை மட்டும் பழக்கத்தில் தட்டிவிட்டது.

ஷைனி ஓடி வரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். போர்டு சிவப்பில். கத்தினேனா, தெரியாது. அவள் கை டேபிள் விளிம்பில் பட்டு வழுக்கியது. தலை முட்டி, மெத்தையில் சுருண்டு கிடந்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான்தான். நான்தான் பண்ணேன். வேற யாரும் இல்ல.

22 பிப்ரவரி

மாவட்டச் சங்கத்துக்கு விபத்து அறிக்கை தர வேண்டுமாம். சார் எழுதியே வைத்திருந்தார். 'மாணவி அனுமதி பெறாமல் தானாகவே ஓடிக் குதித்தார்.' சாட்சி: வெ. ஜோதிலட்சுமி.

"சார், நான் கை தட்னேனே."

"யாரு பாத்தாங்கோ? மத்த புள்ளைங்க எல்லாம் தண்ணி குடிச்சிகினு இருந்துச்சிங்கோ. நீ உண்மைய சொல்லிட்டா அந்தப் பொண்ணு கழுத்து சரியாய்டுமா? உன் வேலை போய்டும், ஹாலுக்கு பூட்டு போட்டுடுவாங்கோ. கையெழுத்து போடு."

பிள்ளை குதிக்கும்போது டேபிள் பக்கத்தில் நிற்க வேண்டிய சார் போனும் கையுமாக வாசலில் நின்றார். அதுவும் அறிக்கையில் இல்லை.

போட்டேன்.

5 மார்ச்

ஆபரேஷன் முடிந்ததாம். நடப்பாளாம். இடது கை விரல்கள் மடங்கவில்லை. இனி ஜிம்னாஸ்டிக்ஸ் கிடையாது. விழுந்த நாள் எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லையாம். அதைக் கேட்டதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. சீ.

27 மார்ச்

தேர்வாகிவிட்டேன். அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். திருப்பாச்சூர் சிவனுக்கு அபிஷேகம் செய்ய வேண்டுமாம். என் பங்கு லட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

17 ஏப்ரல்

ஷைனியின் அம்மா ஆரோக்கியமேரி, மகளுடைய பையை எடுத்துப் போக ஹாலுக்கு வந்தார். சிப்காட்டில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி சட்டையோடு நேராக வந்திருந்தார்.

"எங்க பொண்ணு சொல்பேச்சு கேக்காம உங்களுக்கெல்லாம் பேஜாரா பூட்ச்சி சார். மனசுல வெச்சிக்காதீங்கோ" என்றார். பிறகு என்னிடம், "ஜோதி அக்காவ பாத்து கத்துக்கோன்னு தெனம் திட்டிகினு கீறேம்மா அவள."

சார் தலையை ஆட்டினார். நான் பையை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது மட்டும்தான். படுத்துக் கிடக்கிற புள்ளைக்கு தெனம் திட்டு. என் கையெழுத்துக்கு அவளுக்குத் திட்டு.

2 மே

எல்லாவற்றையும் எழுதி, சங்கச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "இப்ப எதுக்கும்மா இது?" என்று மட்டும் கேட்டார். ரயில்வேக்கும் ஒரு நகல் போகும், வேலை உத்தரவு வராது என்றார். தெரியும் என்றேன்.

சார் போனில், "எட்டு வருஷம் உன்ன தூக்கி வுட்டேன், என் தலைலயே கல்ல போட்டுட்ட" என்றார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். நைனா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

4 மே, ஞாயிறு

பிசியோதெரபிக்காக ஷைனியை மணவாள நகரில் அவள் சித்தி வீட்டில் வைத்திருக்கிறார்கள். அங்கே போகும் வழியில், பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது, அப்படியே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

கழுத்தில் பட்டையோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கையில் ஒரு ரப்பர் பந்து. பிடிக்கப் பார்ப்பாள், நழுவும். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். போர்டு, கைதட்டல், அறிக்கை, எல்லாம்.

ஆரோக்கியமேரி எழுந்து வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தார். இன்னும் நாலு வைத்திருக்கலாம். ஆனால் அவர் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

ஷைனி இத்தனை நாளும் படுத்தபடியே, ஞாபகம் இல்லாத அந்த ஓட்டத்தை மனசுக்குள் ஓட்டி ஓட்டி, எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்தாளாம்.

"அப்போ நான் கரீட்டாதான் ஓடினேனாக்கா?"

"கரீட்டாதான் ஓட்ன, ஷைனி."

கீழே இருந்த அம்மாவைப் பார்த்து, "கேட்டியாம்மா" என்றாள்.