சரிபார்க்கும் சுற்று

மாப்ள,

விளாங்குடிக்கு நான் குடிவந்த பிறகு காலையில் திண்டுக்கல் ரோட்டோரம் நடப்பது வழக்கமாகிவிட்டது. போன வாரம் ஒரு பழைய இரும்புக் கடையைத் தாண்டும்போது மெஷின் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. நின்றுவிட்டேன். உடைந்த மின்விசிறிகளுக்கும் சைக்கிள் செயின்களுக்கும் நடுவே, கையால் சுற்றும் கணக்கு மெஷின் ஒன்று கிடந்தது. நம் காலேஜ் டிபார்ட்மென்டில் இருந்த அதே ரகம். கைப்பிடியைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். அந்தக் கரகர சத்தம் அப்படியே இருந்தது.

“என்னண்ணே, வாங்குறீங்களா?” என்றார் கடைக்காரர்.

தலையை ஆட்டிவிட்டு வேகமாக வந்துவிட்டேன். பயம்தான், வேறென்ன. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் எம்.ஏ. பொருளாதாரம் முடித்து, எம்.ஃபில். ஆய்வு செய்துகொண்டிருந்தோம். நான் தல்லாகுளத்தில் கோர்ட் குமாஸ்தா மகன். நீ டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவன். சொந்த நிலமில்லாத கூலிக் குடும்பம். உன் தெருவில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். ‘என் ஊர்க் கூலிக்காரங்களுக்கு வருசத்துல எம்புட்டு நாள் வேலை கிடைக்குது?’ என்பதுதான் உன் ஆய்வு. இங்கிலீஷில் எழுதினால் அதற்கு நீளமான ஒரு தலைப்பு வந்தது. அதைப் பார்த்து நீயே சிரிப்பாய்.

எந்தெந்த வீடுகளில் கேட்பது என்று, புள்ளியியல் புத்தகத்துக் கடைசியில் குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கும் எண் அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். உன் வீடே வந்து விழுந்தது. “இதை விட்டுட்டு அடுத்த வீட்டை எடுத்துக்குவோம்டா” என்றேன். நீ ஒப்பவில்லை. “மாத்துனா அது சாம்பிள் இல்ல மாப்ள, சிபாரிசு” என்றாய். ஆனால் கேள்வி கேட்க மட்டும் என்னை அனுப்பினாய். “நான் கேட்டா அம்மா கூட்டிச் சொல்லும். எனக்கு மார்க்கு வரணும்னு.”

நீ வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்றாய். உன் அம்மா வாசலில் என் எதிரே உட்கார்ந்தார்கள். வேலையில்லாத நாட்களைப் பற்றிக் கேட்டேன். உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்கள்: “என்ன சொன்னா அவன் பாஸாவான், தம்பி?”

“உள்ளதைச் சொன்னாப் போதும்மா.”

யோசித்து யோசித்துச் சொன்னார்கள். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஒவ்வொன்றாக. பஸ்ஸில் திரும்பும்போது நீ எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த மெஷின். நம்மிடம் கம்ப்யூட்டரா இருந்தது? ஒருவன் எண்ணை வாசிப்பான். எதிரில் இருப்பவன் அதை மெஷினில் ஏற்றிக் கைப்பிடியைச் சுற்றிவிட்டு “ம்” என்பான். அந்த “ம்” வராமல் அடுத்த எண்ணை வாசிக்கக் கூடாது. முழுக்கப் போட்டு முடித்ததும் ஆள் மாறி உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு முறை போட வேண்டும். இரண்டு விடையும் ஒத்து வந்தால்தான் கணக்கு நிற்கும். அதற்குச் சரிபார்க்கும் சுற்று என்று பெயர் வைத்திருந்தோம். நீ எண்களைத் தமிழில்தான் வாசிப்பாய். “இங்கிலீஷ்ல வாசிச்சா பரீட்சை எழுதுற மாதிரி இருக்குடா.”

முதல் சுற்றில் நீ வாசித்தாய், நான் சுற்றினேன். உங்கள் வீட்டு வரிசை வந்தபோது மட்டும் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாய். சாயங்காலத்துக்குள் போட்டு முடித்தோம். “திங்கக்கிழமை நீ வாசி, நான் சுத்துறேன். வாரேன் மாப்ள” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். கண் லேசாக மஞ்சளாக இருந்தது. வெயிலில் அலைந்ததால் இருக்கும் என்று இருவருமே நினைத்தோம்.

திங்கட்கிழமை நீ வரவில்லை. மஞ்சள்காமாலை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது உனக்கு நினைவு இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

நம் கைடு நல்ல மனுஷர். “இனிமே யாருக்காகப்பா?” என்று மட்டும் கேட்டார். ஆள் இல்லாத ஆய்வை யார் சமர்ப்பிப்பது? ஆனால் ஒரே சுற்றோடு அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சரிபார்க்காத கணக்கை நீ கணக்கென்றே ஒத்துக்கொண்டதில்லையே. டிபார்ட்மென்ட் விடுமுறையில் சாவி வாங்கிக்கொண்டு போனேன். நல்ல பகல் வெளிச்சம், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. நானே வாசித்தேன், மேஜையைச் சுற்றிப் போய் நானே சுற்றினேன், திரும்பி வந்து அடுத்ததை வாசித்தேன். பித்துப் பிடித்தவன் செய்கிற காரியம்தான்.

உங்கள் வீட்டு வரிசை வந்தது. உன் அம்மா சொன்ன நாட்களை வாசித்துவிட்டு எழப்போனேன். அதற்குள் எதிர் நாற்காலியிலிருந்து “ம்” என்று கேட்டது.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. காதின் மயக்கம் என்று வகுப்பில் யாராவது சொன்னால் நானும் தலையாட்டுவேன். ஆனால் அன்று கைப்பிடியைத் தொடக் கை வரவில்லை. அழுதேன். அழுதுவிட்டுத்தான் மீதியைப் போட்டேன். இரண்டு விடையும் ஒன்றாக வந்தது.

மறுநாள் உன் ஊருக்குப் போனேன். அதே வாசலில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். வேப்பமரத்தடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்: “அன்னிக்கு நான் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே, தம்பி? அதுனால அவனுக்கு ஒண்ணும் ஆயிறலயே?”

இத்தனை நாளும் அவர்கள் மனதில் அதுதான் ஓடியிருக்கிறது.

“இல்லம்மா. நீங்க சொன்னது சரி. ரெண்டு தரம் போட்டுப் பாத்தோம். சரியா வந்துச்சு.”

பாத்தோம் என்றுதான் என் வாயில் வந்தது. அவர்கள் என்னைத் திருத்தவில்லை. “ம்” என்றார்கள். அச்சு அசல் உன் குரல்.

பிறகு நான் லெக்சரர் ஆனேன், வகுப்பெடுத்தேன், ஓய்வும் பெற்றேன். கரும்பலகையில் எண் எழுதும்போது வாய்விட்டு வாசித்துவிட்டு ஒரு கணம் நிற்பேன். சார் யோசிக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். இன்றைக்கும் பேங்கில் டோக்கன் எண்ணை வாசித்தாலும், வருகிற பஸ்ஸின் எண்ணை வாசித்தாலும் நின்றுவிடுகிறேன். நீ “ம்” சொல்லாமல் அடுத்ததற்குப் போக எனக்கு இன்னும் தெரியவில்லை, மாப்ள.