பதினொரு கிராம்

கார்ல்ஸ்பாட், கலிஃபோர்னியா
செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை

அன்புத் தோழி கொரினுக்கு,

வென்டெல் டட்டில் வணக்கத்துடன் எழுதுவது. உன் அம்மாவின் இடுப்பு அறுவை நல்லபடி முடிந்ததென்றும், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தபால் பெட்டி வரை நடக்கிறார் என்றும் டூயி சொன்னான். உள்ளம் குளிர்ந்தேன். இங்கே என் மனைவி மார்லிஸ் நலம். உன்னைப் பற்றி அடிக்கடி கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

தொலைபேசியில் பேசக்கூடியவன் ஏன் தாளெடுத்து எழுதுகிறான் என்று நீ வியக்கலாம். மூன்று முறை உன் எண்ணை அழுத்தினேன். மூன்று முறையும் மணி ஒலிக்கும் முன்னே வைத்துவிட்டேன். நீ "சொல்லுய்யா" என்று சொல்லிவிடுவாயே என்ற அச்சம். அந்தக் குரலைக் கேட்டபின் என்னால் உண்மை பேச முடியாது. இதற்கு முன்பும் முடியவில்லை.

ஆறு ஆண்டுகள் உன் கோல்ஃப் பையைச் சுமந்தவன் டூயி. அவன் சென்ற வாரம் எங்கள் சோதனைத் திடலுக்கு வந்திருந்தான். உன்னைப் பற்றிக் கேட்டேன். "தகுதிச் சுற்றுக்கு அவ பேர் குடுக்கப் போறதில்ல வென்டெல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பதிவை மூடுறாங்க. அவ என்னடான்னா ஊருல, கியர்னியில, டிராக்டர் உதிரிபாகக் கடையில வேலைக்குச் சேர்ந்துட்டா. மிச்சமிருக்கற சொந்த மட்டையெல்லாம் விக்கப் போறாளாம். கேட்டா, என் கை செத்துப்போச்சு டூயி, செத்த கைய வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு சிரிக்கறா" என்றான். நீ சிரித்ததாகச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

கொரின், உன் கை சாகவில்லை. சாகடித்ததுபோல் உன்னை நம்ப வைத்தவன் நான். அதை எழுதத்தான் இந்த மடல்.

சென்ற அக்டோபரை எண்ணிப் பார். எங்கள் நிறுவனத்தின் புதிய ட்ரைவர், முதல் அடிக்கான அந்த நீண்ட மட்டை, வெளிவரவிருந்த காலம். இதுவரை கண்ட மட்டைகளிலேயே விரைவு மிக்கது, இதுவரை கண்ட மட்டைகளிலேயே பிழை பொறுப்பது என்று இரண்டையும் ஒரே வரியில் விளம்பரப்படுத்தினார்கள். அந்த வரியை எழுதியவன் விளம்பரப் பிரிவின் பிக்ஸ்பி. அதற்குத் தலையாட்டிய வடிவமைப்பாளன் நான். தலையாட்டும்போதே எனக்குத் தெரியும். மட்டையின் தலை இருநூறு கிராம். அதற்குமேல் போனால் சுழற்றும் கை தளரும். அந்த இருநூறுக்குள்தான் எங்கள் ஆட்டமெல்லாம். தலையின் கூரையை மெல்லிய கார்பன் இழைத் தகட்டால் செய்து நாலு கிராம் மிச்சம் பிடிப்போம். பந்தில் படும் முகத்தைக் காகிதமாய் இழைத்து இரண்டு கிராம் மிச்சம் பிடிப்போம். மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது என்பதில்தான் போர். முன்னே, முகத்தை ஒட்டி வைத்தால், பந்து சுழற்சி குறைந்து சீறிப் பாயும். பின்னே, வால்பக்கம் வைத்தால், நடுவில் படாத பந்தையும் மட்டை முறுக்கிக்கொள்ளாமல் தாங்கும். ஒரே கிராம் இரண்டு இடத்தில் இருக்காது. பதினைந்து ஆண்டுகளாக நான் வாங்கும் ஊதியமெல்லாம், அது இருக்கிறது என்று மற்றவர்களை நம்பவைப்பதற்கே.

எங்கள் மற்ற ஆட்டக்காரர் ஒன்பது பேருக்கும் புதிய மட்டையில் தொலைவு ஏறியது. உனக்கு மட்டும் ஏறவில்லை. காரணம் எளிது: நீ எடையைப் பின்னால் வைத்தே ஆடுபவள். முதல் நாளே என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னாய்: "பின்னாடி இருக்கற பதினாலு கிராமை மட்டும் தொடாதே வென்டெல். அதுதான் நான் ராத்திரி தூங்கறதுக்குக் காரணம்." நானும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

பிக்ஸ்பி ஒப்புக்கொள்ளவில்லை. வடிவமைப்புக் கூடத்தில் பன்னிரண்டு பேர் முன்னிலையில் கேட்டான்: "எல்லாருக்கும் நம்பர் ஏறுது. உன் சிநேகிதிக்கு மட்டும் ஏன்யா ஏறல? மட்டை செத்துப்போச்சா, இல்ல நீ செத்துப்போயிட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக உன்னை விற்றேன். வேறு பெரிய காரணம் எதுவுமில்லை. இருந்திருந்தால் எழுதுவதற்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் நீயே வழி திறந்து கொடுத்தாய். மட்டைகளைச் சீர்செய்யும் எங்கள் பட்டறை வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "யோவ், இதை அடிச்சா தகர டப்பாவை உதைச்ச மாதிரி இருக்குய்யா. பக்கத்து ஊரு நாயெல்லாம் குலைக்குது. அது வாயைக் கொஞ்சம் அடை" என்றாய். சத்தம் குறைக்கப் பசையை உருக்கித் தலைக்குள் ஊற்றுவது வண்டியில் அன்றாடம் நடக்கும் வேலை. இரண்டு கிராம் போதும். நான் பதினொன்று ஊற்றினேன், முகத்தை ஒட்டி. மொத்த எடை கூடினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். ஆகவே, பின்னால் இருந்த எடைத் திருகாணியைக் கழற்றினேன். மேலே பதினான்கு என்று பொறித்த எழுத்து அப்படியே இருக்க, அடியில் குடைந்து மூன்று கிராமாக்கித் திரும்பப் பூட்டினேன்.

மீண்டும் படித்துக்கொள், கொரின். கைதவறி நடந்ததன்று. துளையிடும் பொறியின் முன் இருபது நிமிடம் அமர்ந்து செய்தது.

அன்றைய விளம்பரப் படப்பிடிப்பு முடிந்ததும் மாலையே பழையபடி மாற்றிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ ஏழு பந்து அடித்தாய். அபூர்வமாய் அன்று ஏழும் நடு முகத்தில். திரையில் எண் ஏறியது. எட்டு கெஜம் கூடுதல். நீ மட்டையைத் தூக்கிப் பிடித்து, "பாத்தியா பிக்ஸ்பி, என் ஆளு மந்திரவாதிடா!" என்று கத்தி, ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். அதன்பின், "இனிமே இதை எவனாவது தொட்டான், கையை முறிச்சிடுவேன்" என்றாய். நான் தொடவில்லை. நீ தடுத்ததாலன்று. எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் நடந்ததை நீயே அறிவாய். ஆனால் என் பக்கத்திலிருந்து அதை நீ அறியமாட்டாய். ஃபீனிக்ஸில் மூன்று பந்து வலப்புறப் புதரில் விழுந்தபோது, காற்று என்று எண்ண முயன்றேன். போர்ட்லண்டில் வழக்கமான இடத்தில் பட்ட பந்தே கல்லைப்போல் வானிலிருந்து விழுந்தபோது, முயற்சியையும் கைவிட்டேன். உன் வீச்சின் விரைவுக்குச் சுழற்சி வேண்டும். அதுதான் பந்தைத் தூக்கி நிறுத்தும். அதைப் பறித்தவன் நான். நீயோ பிடியை மாற்றினாய். ஒன்பது ஆண்டு பயிற்சியாளரை விட்டு விலகினாய். நாளுக்கு நானூறு பந்து அடித்து, விலா எலும்பில் வலி கண்டு, கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்தாய். பழுதில்லாத ஒன்றைப் பழுது பார்த்துப் பார்த்து உண்மையிலேயே பழுதாக்கப் போகிறாய் என்று கண்ணெதிரே கண்டேன். கண்டும் வாய் திறவாதிருந்தேன்.

மே மாதம், டெக்சஸில், பயிற்சித் திடலின் ஓரத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்த இடத்தில் பட்டை ஒட்டிக்கொண்டே கேட்டாய்: "நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டே. நேர்மையா சொல்லு. மட்டையா, நானா?"

"மட்டையில ஒண்ணுமில்ல கொரின். கொஞ்ச நாள் ஓய்வு எடு" என்றேன்.

இவ்வளவு நாளில் நான் பேசிய சொற்களில் இதைவிட இழிந்தது இல்லை என்று நினைத்திருந்தேன். இருந்தது. ஜூலையில் ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு உன்னைப் பற்றி வடிவமைப்புத் துறையின் கருத்தைக் கேட்டார்கள். "கருவியில் குறையில்லை, ஆட்டக்காரரின் வீச்சு சிதைந்துள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உன்னை விலக்கிய கடிதத்தில் இருந்த அந்த வரி என்னுடையது. யாரோ அலுவலகத்தான் எழுதியது என்று நீ வைதாயாம். டூயி சொன்னான்.

ஆகஸ்டில் ஓஹையோவின் கடைசிக் குழி. நாலு அடியில் முடித்தால் தகுதிச் சுற்றே இல்லாமல் அடுத்த ஆண்டும் நீ தொழில்முறைப் போட்டிகளில் இருப்பாய். பந்து முகத்தின் நுனியில் பட்டது, எப்போதும் உனக்குப் படும் இடத்தில், நடுவிலிருந்து ஒரு விரலளவு வெளியே. வலப்புறம் கிளம்பியது. பழைய மட்டையில் அது வளைந்து திரும்பி வந்திருக்கும். அன்று திரும்பவில்லை. குளத்தில் விழுந்தது. தொலைக்காட்சியில் உன் முகத்தைக் காட்டுமுன் அணைத்துவிட்டேன். மார்லிஸ், "ஏன் நிறுத்தினே? அவ என்ன ஆனான்னு பாக்க வேண்டாமா?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

ஒப்பந்தம் முடிந்தால் கருவிகளைத் திருப்பி அனுப்புவது வழக்கம். உன் பெட்டி சென்ற மாதம் வந்தது. ட்ரைவரின் முகத்தைத் துடைத்து விளக்கொளியில் பிடித்தேன். ஆயிரமாயிரம் பந்து பட்டுத் தேய்ந்த இடம் மங்கலாய்த் தெரிந்தது. ஒரு நாணய அளவு; நுனியை நோக்கி ஒரு விரல் தள்ளி. என் இழுப்பறையில் நீ மூன்றாண்டுக்கு முன் ஆடிய பழைய தலை கிடக்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம். அதே அளவு. மயிரிழை மாற்றமில்லை.

வீச்சு சிதைந்தவளின் தேய்மானம் முகமெங்கும் பரவியிருக்கும், கொரின். உன்னுடையது பரவவில்லை. பிடி மாறியும், பயிற்சியாளர் மாறியும், விலா வலித்தும், நீ ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தாய்.

அதன்பின் இரண்டு தலைகளையும் மட்டை சுழற்றி அடிக்கும் பொறியில் பூட்டினேன். உன் விரைவு, உன் கோணம், நீ அடிக்கும் அதே புள்ளி. தலைக்கு நாற்பது பந்து. பழையது இலக்கிலிருந்து ஒன்பது கெஜம் விலகியது. புதியது இருபத்திரண்டு. ஓஹையோவில் குளத்தின் கரை எவ்வளவு தொலைவில் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாளையே உன் கையில் சேரும் விரைவஞ்சலில், இந்த மடலுடன் மூன்று பொருள்கள் வருகின்றன. ஒன்று, உன் பழைய தலை, புதுத் தண்டுடன். அதன் முகம் பந்தைத் துள்ளவைக்கும் அளவு போட்டி விதிக்குள்தான் இருக்கிறது. நேற்று அளந்தேன், அளவுத்தாளையும் வைத்திருக்கிறேன். இரண்டு, குடைந்த திருகாணி. அதை உள்ளங்கையில் வைத்துப் பார். நான் எழுதியதை நம்ப வேறு சான்று வேண்டாம். மூன்று, நான் செய்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை. அதன் நகல் நேற்றுக் காலை நிறுவனத்துக்குப் போய்விட்டது. பிக்ஸ்பி ஓடிவந்து, "பைத்தியமாய்யா உனக்கு? அவளே மறந்துட்டுப் போயிட்டா, நீ ஏன் தோண்டுற?" என்றான். நீ மறக்கவில்லை, நம்பிவிட்டாய் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கே பத்து மாதம் ஆயிற்று.

என் வேலை என்னாகும் என்று நீ கவலைப்படக்கூடாது. நீ கவலைப்படுவாய், அப்படிப்பட்டவள் நீ. அதனால்தான் முன்கூட்டியே தடுக்கிறேன்.

என்னைப் பொறுத்துக்கொள் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. கேட்கவும் மாட்டேன். கேட்பது வேறொன்று. உங்கள் ஊர்ப் புறவெளித் திடலுக்குப் போ. பழைய தலையால் பத்து பந்து அடி. வழக்கம்போல் நுனியில் படட்டும். பந்து எங்கே போகிறது என்று உன் கண்ணால் பார். பிறகு நீ கடையிலேயே இருக்க விரும்பினால் இரு. அது உன் முடிவாக இருக்கும். ஆனால் என் பொய்யை நம்பி உன் ஆட்டத்தை விடாதே. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் உன் பெயரைக் கொடு. என் மேல் சினத்தோடு கொடு. என்னை வைதுகொண்டே கொடு. என் மடலைக் கிழித்துப் போட்டுவிட்டாவது கொடு.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லலாமா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். உன் கைகள் நீடு வாழ்க.

உன் முகம் காண நாணும்,
வென்டெல் டட்டில்

பின்குறிப்பு: தலையைத் தண்டில் பூட்டும் முறுக்குக்கோல் பெட்டியின் அடியில் இருக்கிறது. "க்ளிக்" என்று கேட்கும் வரை முறுக்கவேண்டும். அடிக்கும் முன் பின்புறத் திருகாணியைக் கழற்றி, அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு நீயே மாட்டு. இனி அந்தக் கோலை யார் கையிலும் கொடுக்காதே, எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும்.