எழும்ப வேண்டிய நேரம்

உடையார்கட்டு,
07.03.1999

அன்புள்ள தம்பி பரமேஸ்வரனுக்கு,

உன் தை மாதக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. வழியில் உடைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் ஒட்டியிருக்கிறார்கள். நானும் உன் அண்ணி விமலேஸ்வரியும் சுகம். உன் மனைவி தயாளினி எங்களோடு இதே கொட்டிலில் இருக்கிறாள். காலையில் முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போய்வருகிறாள். தானும் சுகமென்று எழுதச் சொன்னாள்.

சூதைப் பற்றிய என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதித் தாளை வீணாக்கவில்லை. நீ கேட்டது கணக்கு என்பதால் கணக்காகவே பதில் தருகிறேன்.

நீ சொல்லும் சீட்டு இயந்திரத்தில் ஒரே இனத்தில் பத்து முதல் ஆஸ் வரை ஐந்தும் சேர்ந்தால் ஜாக்பொட். அதை ஒருவரும் எடுக்காதவரை, போடப்படும் ஒவ்வொரு காசுக்கும் அந்தத் தொகை சிறிது ஏறிக்கொண்டே போகும். நீ புத்தகத்தில் பார்த்தெழுதிய எண்கள் சரியென்றால், அது ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆட்டத்துக்கு ஒரு முறை விழும். அதற்குள் ஐம்பதாயிரம் டொலர் உன் கையால் உள்ளே போகும். சிறிய சேர்க்கைகள் திருப்பித் தருவது போக இரண்டாயிரத்து இருநூறு குறையும். ஆகவே விதி இது. தொகை இரண்டாயிரத்து இருநூறுக்குக் கீழே நின்றால் அமராதே. மேலே நின்றால் அமரலாம். அது மேலே நிற்கும்வரை எழும்புவதற்குக் காரணமில்லை. வேறொருவர் எடுத்துத் தொகை விழுந்த கணத்தில் எழும்பிவிட வேண்டும்.

தயாளினியைக் கனடாவுக்கு அழைப்பிக்கச் சேர்க்கும் பணத்தை இதில் தொடாதே. இது கணக்கு அல்ல, என் சொல்.

உன் அண்ணன்,
கனகலிங்கம்

மொன்றியல்,
18.04.1999

அன்பின் அண்ணைக்கு,

கடிதம் கிடைச்சது. உங்கட விதியை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கிறன். வேலை முடிஞ்சு வரேக்க சூதாட்ட மண்டபத்துக்குள்ள எட்டிப் பாப்பன். மேல எரியிற நம்பர் குறைவெண்டால் திரும்பி பஸ் ஏறிடுவன். உங்களாணைச் சொல்லுறன், அப்பிடி எத்தினையோ நாள் திரும்பி வந்தனான்.

ஆனால் இருந்த நாளெல்லாம் தோல்விதான். காரணம் பிடிபடுகுதில்லை. ஜாக்கும் ஒன்பதும் வந்தால் அதுகளை வைச்சுக்கொண்டு ராசா, ராணியை எறியிறன். ஊரில எங்கட ஏரம்பு அண்ணையோட சீட்டு விளையாடின கையெல்லோ, விட மனம் வருகுதில்லை.

குசினியில பிளேட் கழுவிற வேலைதான் இன்னும். தயாளினிக்குச் சொல்லுங்கோ, எட்டு வருசமாப் போச்சு, இந்த வருசம் எப்பிடியும் கூப்பிட்டுடுவன். அவாவுக்கு என்னில கோவமோ? கடிதம் இரண்டு வரியில முடியுது.

அன்புத் தம்பி,
பரமேஸ்

உடையார்கட்டு,
30.05.1999

அன்புள்ள தம்பி,

உன் தோல்விக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நம் ஊர் முந்நூற்றுநாலு சீட்டாட்டத்தில்தான் ஜாக் எல்லாவற்றிலும் பெரிது. ஒன்பது அதற்கு அடுத்தது. அந்த இயந்திரத்துக்கு ஒன்பது வெறும் ஒன்பது. ராசாவை எறிந்து ஒன்பதைக் காப்பாற்றிக்கொண்டு நீ அங்கே வேறொரு விளையாட்டு விளையாடியிருக்கிறாய். ஒன்பதை விடு. ஜாக்கோடு ராசாவும் ராணியும் நிற்கட்டும்.

ஏரம்புவிடம் இதைச் சொன்னேன். "ஒன்பதை எறியிறதோ? அங்கத்தைய ஆக்களுக்கு விளையாட்டே தெரியாது மாஸ்டர்" என்றார்.

இனி முக்கியமான செய்தி. கொழும்பில் தயாளினிக்கு விசா நேர்முகம் யூலை 21, புதன்கிழமை. உன்னுடைய சத்தியக்கடதாசி புதிதாக வேண்டுமாம். 19ஆம் திகதி திங்கட்கிழமை உன் சட்டத்தரணி முன் கையொப்பமிட்டு அன்றே தொலைநகலில் அனுப்பிவிடு. தயாளினி வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, வவுனியா முகாமில் தங்கி, அங்கிருந்து கொழும்புக்குப் போக வேண்டும். இன்னொரு தடவை பாஸ் கிடைக்கும் என்பதற்கு ஒருவரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

அவளுக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு வரிக்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்றாள்.

உன் அண்ணன்,
கனகலிங்கம்

மொன்றியல்,
02.08.1999

அன்பின் அண்ணைக்கு,

என்னெண்டு எழுதிறதெண்டு தெரியேல்லை. பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய்ப் பாத்தால் நம்பர் மூவாயிரத்தையும் தாண்டி நிக்குது. அவ்வளவுக்கு ஒருநாளும் ஏறினதில்லை. இருந்தனான். திங்கள் காலமை எழும்பப் பாக்கிறன், கதிரைக்குப் பின்னால ஒரு சீனக் கிழவி காசு வாளியோட நிக்குது. நான் எழும்பினால் அது இருக்கும். மேலே நிற்கும்வரை எழும்பக் காரணமில்லை எண்டு நீங்களே எழுதினனீங்கள். சட்டத்தரணியிட்டச் செவ்வாய் போகலாமெண்டு நினைச்சன். வேலைக்கும் போகேல்லை, நிப்பாட்டிப் போட்டினம்.

செவ்வாய் பின்னேரம் விழுந்தது அண்ணை. பத்து, ஜாக், ராணி, ராசா, ஆஸ். உங்கட கணக்குப் பிழைக்கேல்லை. பக்கத்தில இருந்தவை கை தட்டினவை. நான் சும்மா பாத்துக்கொண்டிருந்தன்.

புதன் காலமை கையெழுத்து வைச்சு அனுப்பினன். அங்க கொழும்பில அப்ப பின்னேரமாகி, கந்தோரைப் பூட்டியிட்டினமாம். தயாளினிக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ, நான் ஆறுதலா எழுதிறன். வெண்ட காசை அப்பிடியே அவாவுக்கு அனுப்புறன். இன்னொரு நேர்முகம் கேப்பம்.

தம்பி,
பரமேஸ்

உடையார்கட்டு,
26.09.1999

தம்பி பரமேஸ்வரனுக்கு,

உன் கடிதம் வந்தபோது தயாளினி அருகில் இருந்தாள். கணவனின் கடிதத்தை மனைவியிடமிருந்து மறைப்பது முறையல்ல. வாசிக்கக் கொடுத்தேன்.

முழுவதையும் வாசித்தாள். "வெண்டிட்டாரோ? நல்லம்" என்றாள். பிறகு கொழும்பு அலுவலகத்தில் நடந்ததை முதல் முறையாகச் சொன்னாள். கடதாசி எங்கே என்று அதிகாரி கேட்டபோது, "அவர் வேலையில நிக்கிறார், எப்பிடியும் வரும்" என்று சொல்லிக் கதவு பூட்டும்வரை அங்கேயே இருந்திருக்கிறாள். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "பெரியத்தான், உங்கட கணக்கில நான் எங்க இருந்தனான்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்பதைப் போலத்தான் கேட்டாள். விமலேஸ்வரி எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனாள்.

அடுத்த கிழமை தன் விசா விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்து, பிழை பார்க்கச் சொன்னாள். யோசித்துச் செய் என்றேன். "எட்டு வருசம் யோசிச்சாச்சு" என்றாள். ஒரு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். என் முன்னால் கையொப்பமிட்டாள். வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் நானே அதைக் கொடுத்துவிட்டேன். இதற்குள் அது கொழும்பு சேர்ந்திருக்கும்.

நீ அனுப்பிய பணம் வந்தது. தயாளினி வாங்கவில்லை. அதை உன் பெயரிலேயே வங்கியில் இட்டிருக்கிறேன்.

ஆவணி முடிவில் அவள் இங்கிருந்து போய்விட்டாள். கொண்டுபோனது ஒரு பையும் பாயும். தனக்கு வரும் கடிதங்களை இனி என் பெயருக்கு அனுப்ப வேண்டாமென்று உனக்கு எழுதச் சொன்னாள். இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அவள் சம்மதித்தால் உனக்கு அறியத் தருவேன். கடந்த ஞாயிறு போனபோது, உனக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்றாள்.

க. கனகலிங்கம்