வாழைச் சீப்பில் கறுவா எண்ணெய்

இன்று காலை வாழைச் சீப்புகளின் வெட்டுவாயில் கறுவாப்பட்டை மரத்து இலை எண்ணெய் பூசும்போது தும்மல் வந்தது. உடனே உன் நினைவு. இந்த மணத்துக்கு நீ தொடர்ந்து மூன்று தரம் தும்முவாய். பிறகு, "பூஞ்சணத்துக்கும் இப்பிடித்தான் கா இருக்கும்" என்று சிரிப்பாய்.

சுனாமியில் கடல் என் புருஷனைக் கொண்டுபோன பிறகு, முகாமில் உன்னோடும் உன் அம்மாவோடும் ஒரே கூடாரத்தில் நானும் மகளும் கிடந்தோம். நீ பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் குடுவை கழுவுகிறவள். அங்கே பழத்தில் பூஞ்சணத்தை வளர்த்து, எந்த எண்ணெய்க்கு அது அடங்குகிறது என்று பார்ப்பார்களாம். எனக்கு அப்போது அது வேலையில்லாதவர்களின் வேலையாகத் தெரிந்தது.

நிலத்தின் உப்பை நாலு மாரி கழுவிய பிறகுதான் என் வாழை ஒழுங்காகக் குலை தள்ளியது. வன்னியில் சண்டை முடிகிற காலம். கொழும்பு லொறி சோதனைச்சாவடிகளில் நின்று நின்று போகும். அதற்குள் வெட்டுவாய் கறுத்து, சீப்போடு அழுகிவிடும். இரண்டு தடவை அப்படியாயிற்று. இன்னொரு தடவை அழுகினால் என் பழமே வேண்டாம் என்று ஓட்டமாவடி முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு வேறு பிழைப்பில்லை.

அழுதுகொண்டு உன்னிடம் வந்தேன். நீ எண்ணெய் வாங்கி வந்து தண்ணீரில் அடித்துக் கலக்கினாய், சீப்புகளை முக்கினோம். முதல் தடவை தோலெல்லாம் கருகிற்று. "அளவு கூடிப் போச்சு. என்ட பிழை கா" என்றாய். குறைத்தாய், இன்னும் குறைத்தாய். கடைசியாக முக்கிய சீப்பு ஒரு கிழமை கழித்தும் புதிதாக வெட்டியது போலவே இருந்தது. அம்மோ, அன்றைக்கு நான் துள்ளின துள்ளல்!

பழத்தை லொறியில் ஏற்ற லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஓட்டமாவடிக்குப் போனோம். வழியில் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். பழத்தில் காரமான மணம். நம் இருவருக்கும் நடுவில் இருந்த கூடைக்குள் பெயரில்லாத எண்ணெய்ப் போத்தல். வெடிமருந்தோ என்று அவர்களுக்குச் சந்தேகம். "இது யாருடையது?" என்று கேட்டார்கள். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கும் வீட்டில் அம்மா இருந்தா.

"என்ட" என்றாய். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. உன்னை இறக்கி வைத்துக்கொண்டு என்னையும் லாண்ட்மாஸ்டர்காரரையும் போகச் சொன்னார்கள். போனேன். ஐயோ, போனேன்தானே!

பின்னேரம் முகமெல்லாம் வெயிலில் கன்றிப்போய் நடந்து வந்தாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பழம் ஏத்தியாச்சா?" என்றாய்.

"ஓம்."

"அப்ப சரி. தேத்தண்ணி ஊத்து புள்ள."

ஒரு பழமும் அழுகாமல் போய்ச் சேர்ந்தது. அந்தத் தோட்டத்தால்தான் மகள் படித்தாள், நாங்கள் தலைநிமிர்ந்தோம். எல்லாம் உன்னால்.

போன மாரியில் நோய் உன்னைக் கொண்டுபோகும்வரை அந்தப் பேச்சை நீ எடுக்கவேயில்லை. நானும் எடுக்கவில்லை, வெட்கம். ஆனால் இப்போது யாராவது "இது யாருடையது?" என்றால், கேள்வி முடியுமுன் "என்ட" என்று என் வாய் சொல்லிவிடுகிறது. போன கிழமை வாழைச்சேனை பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன மீன்பைக்கும் அப்படித்தான் சொன்னேன். நாறிய மீனோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து, "என்னம்மா இது?" என்று மகள் சிரித்தாள். அவளை உட்காரவைத்து, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன்.