முகம் தெளியும்வரை ரொட்டி கிடையாது

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரு இரட்டைத் தாடை, ஏழெட்டுச் சுருக்கம், ஒரு மரு எடுத்தேன். கறிக்கடைக்கும் என் கடைக்கும் உள்ள வித்தியாசம் கத்திக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான். ஓய்வு பெறப்போகும் பேங்க் மேனேஜர் "லேசா டச்சப் பண்ணுங்க, போதும்" என்றார். பத்து வயதைக் குறைத்துக் கொடுத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, நான் இப்படித்தான்" என்று மனசார நம்பிக்கொண்டு போனார்.

வீட்டில் வேறு கதை. மகள் இடப்பக்கத்து முடியைத் திரைபோலத் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். ஸ்பூன் திரைக்குள் போகிறது, காலியாகத் திரும்பி வருகிறது. உள்ளே இருப்பது யார் என்றே தெரியவில்லை. கன்னமெல்லாம் பரு. பதினேழில் வராமல் எழுபதிலா வரும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அவளிடம் சொல்லிப் பார்க்கட்டும், தெரியும்.

கால்நடை மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் வந்திருக்கிறது. ஐந்து வயதில் என் புதுச் சால்வையைக் கிழித்து ஒரு தெருநாயின் காலுக்குக் கட்டுப்போட்டாளே, அன்றிலிருந்து அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. கடைசித் தேதி ஏப்ரல் 30. இரண்டு போட்டோ ஒட்ட வேண்டும்.

"நாளைக்குக் கடைக்கு வா. ரெண்டு நிமிஷ வேலை."

"முகம் தெளியட்டும்."

"தெளியலன்னா?"

"அப்ளை பண்ணல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நாத்தனார் போனில்: "அண்ணி, எண்ணெயில பொரிச்சதை நிறுத்துங்க." பக்கத்து வீட்டு டீச்சர்: முட்டை. மருந்துக் கடைக்காரர்: சாக்லேட். கூரியர் கொண்டுவந்தவர்: மலச்சிக்கல் — தன் சொந்த அனுபவத்தையும் விவரித்தார், நான் கேட்காமலே. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது தண்ணீர். அதையும் வெந்நீராகக் குடிக்க வேண்டும் என்கிறாள் நாத்தனார்.

பிப்ரவரி 7, சனி

தோல் டாக்டர். என் வயதுதான் இருக்கும், தோலைப் பார்த்தால் சொல்ல முடியாது. பொறாமையை ஹேண்ட்பேக்கில் போட்டு மூடிக்கொண்டேன்.

"சாப்பாட்டால மட்டும் பரு வர்றதில்ல. ஆனா சர்க்கரை, வெள்ளை ரொட்டி, கூல் டிரிங்ஸ் இதெல்லாம் சிலருக்குக் கூட்டிவிடும். பாலும் சிலருக்கு. உங்க பொண்ணுக்கு எதுன்னு செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். ஒரே நேரத்துல எல்லாத்தையும் நிறுத்தினா எதால குறைஞ்சதுன்னே தெரியாது. முதல்ல சர்க்கரையும் வெள்ளை ரொட்டியும். களிம்பு தினமும். எட்டு வாரம் பொறுமை வேணும்."

பிறகு ஒன்று சொன்னார். ஞாயிறுதோறும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அவருக்கு போனில் அனுப்ப வேண்டும். "உங்களால முடியுமா?"

முடியுமாவாம். குருவியிடம் போய்ப் பறக்கத் தெரியுமா என்று கேட்கிறார். இருபத்திரண்டு வருடத் தொழில் என்று ஆரம்பித்தேன். மகள் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

முதல் படம். வீட்டுக் கூடத்திலேயே இரண்டு பக்கமும் விளக்கு, நாற்காலிக்கால் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப். அவள் முடியை ஒதுக்கிக் காட்டுவதற்குள் எனக்கு ஒரு ஜென்மம் கழிந்தது. "டாக்டருக்கு மட்டும்தான். நீயும் ரொம்பப் பார்க்காதே" என்றாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்தொன்று. இவ்வளவா? தொடாமல் அப்படியே அனுப்பினேன். கை மட்டும் அரித்தது.

பிப்ரவரி 11, புதன்

என் வீட்டுக்காரர் பேக்கரியில் தலைமை ரொட்டிக்காரர் என்பதை டாக்டரிடம் சொல்ல மறந்துவிட்டேன். விடிவதற்குள் முந்நூறு ரொட்டி போடுகிற மனுஷன். மகள் பிறந்தபோது உப்பலாக இருந்தாள் என்று அவளுக்குப் 'பன்னு' என்று பெயர் வைத்தவர். இன்று அவர் கொண்டுவந்த சூடான பன்னை அவள் பாம்பைத் தள்ளுவதுபோலத் தள்ளினாள்.

"பன்னு, நான் போட்டதும்மா."

"அப்பா, முதல்ல அந்தப் பேரை மாத்துங்க. அதுலயே சர்க்கரை இருக்கு."

மனுஷன் முகம் புளிக்காத மாவுபோலச் சப்பையாகிவிட்டது. தள்ளிய பன்னை, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று நான் தின்றேன். இரண்டு. ஆறுதல் என்றால் குறைவில்லாமல் தர வேண்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இரண்டாம் படம். மூக்கு நுனியில் இருந்தது கொசுக்கடி. அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. டாக்டரை வீணாகக் குழப்புவானேன் என்று எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இரண்டு, அவளே கிள்ளி வைத்தது. கிள்ளியதற்கு ரொட்டி என்ன செய்யும், பாவம். எடுத்தேன். நெற்றியில் இருந்தது நிழல். நிழலாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 1, ஞாயிறு

ஐந்து போயிற்று. தானாகப் போனது இரண்டு. மற்றது — நாத்தனாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன், கை அதன் வேகத்தில் போய்விட்டது.

மார்ச் 8, ஞாயிறு

இன்று மகள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். திரையில் முதல் வாரப் படமும் இன்றைய படமும் பக்கத்தில் பக்கத்தில்.

"இது நான்தானா?"

"பின்ன, நானா?"

"கண்ணாடியில இப்படித் தெரியலையேம்மா."

"பாத்ரூம் லைட்டை நம்பாதே. அது யாரையும் வாழவிடாது."

திரையருகே குனிந்து பார்த்தாள். பிறகு முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். படத்துக்கென்று இல்லாமல், அவளாகவே அந்தக் காதைக் காட்டி ஒரு மாதமாகிறது. சின்ன வயதில் நான் திருகிய காது. வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பொய்தான் என்றால் பொய்தான் — யார் கெட்டுப்போனார்கள்?

மார்ச் 15, ஞாயிறு

டாக்டரிடமிருந்து பதில். 'படங்களில் நல்ல முன்னேற்றம். களிம்பு இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.' வெற்றி. நாத்தனாரிடம் சொன்னேன். "எல்லாம் வெந்நீர்தான் அண்ணி" என்றாள். புகழ் கடைசியில் யாருக்குப் போய்ச் சேர்கிறது பாருங்கள்.

மார்ச் 20, வெள்ளி

வீட்டுக்காரர் சொல்கிறார், "பன்னு மதியத்துக்குக் கொண்டுபோற டப்பா வச்சது வச்சபடி திரும்பி வருது." பரீட்சை நேரம், அப்படித்தான் இருக்கும் என்றேன். "நீ அவளைப் பார்த்தியா?" என்றார். வாரா வாரம் பெரிதாக்கியே பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

எட்டாவது படம். எத்தனை எடுத்தேன் என்று எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 4, சனி

எழுத வேண்டும். எழுதாமல் தூக்கம் வராது.

எட்டு வாரம் முடிந்து இன்று போனோம். டாக்டர் தன் போனைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். மூன்றாம் முறை அவர் பார்த்தது என்னை.

"இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஊரில் இருப்பவர்கள் வாயையெல்லாம் அடைக்கிற வாய், காற்றுதான் வந்தது. "கை… பழக்கதோஷம், டாக்டர். டச்சப்."

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "இதை நம்பித்தானே நான் களிம்பைக் குறைச்சேன். அதனாலதான் தாடையில புதுசா வந்திருக்கு." பிறகு மகளை எடை மெஷினில் நிற்கச் சொன்னார். நான்கு கிலோ குறைந்திருக்கிறாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். காலையில் ஒரு பழம். மதியம் ஒன்றுமில்லை. சாயங்காலம் கீரை. பால், முட்டை, பயறு எதுவுமில்லை.

"நான் ரெண்டைத்தானே நிறுத்தச் சொன்னேன்?"

மகள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "ரொட்டியை நிறுத்தினதுக்கே போட்டோல அவ்வளவு குறைஞ்சிருந்தது. எல்லாத்தையும் நிறுத்தினா மீதியும் போயிடும்னு நினைச்சேன்."

யார் கெட்டுப்போனார்கள் என்று கேட்டிருந்தேன் அல்லவா? நான்கு கிலோ.

பஸ்ஸில் அவள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "என் மூஞ்சியைப் பார்க்கறது உனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்ததாம்மா?"

இல்லடி. இல்லடி என் தங்கமே. பஸ்ஸிலேயே சொல்லியிருக்கணும். சொல்ல வரலையே. ஏன் வரல? கஷ்டமா இருந்ததுதான். நீ அழறது கஷ்டமா இருந்தது. ஆனா நான் அழிச்சது உன் அழுகையை இல்லையே, உன்னைத்தானே அழிச்சேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

படம் எடுக்கவில்லை. தரையில் ஒட்டியிருந்த டேப்பை உரித்தேன். பசை போகவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

என்னோடு பேச்சில்லை. தூது போவது ரொட்டிக்காரர். "உப்பு கேக்கறா." உப்பு அவள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு காலுறையை எடுத்துக்கொண்டேன்.

"தப்பு என்மேலதான். முதல்ல கொசுக்கடின்னு நினைச்சுத்தான் எடுத்தேன்."

"எல்லாமே கொசுவாம்மா?"

"அடுத்தது நிழல்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் காரணம் எதுவும் கிடைக்கல. அப்பவும் எடுத்தேன்."

அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது. "நான் கண்ணாடியைப் பார்த்து, எனக்குத்தான் பைத்தியம்னு நினைச்சேன் தெரியுமா? எட்டு வாரம்."

மன்னிச்சுக்கோ என்றேன். அவள் என் கையிலிருந்த காலுறையை வாங்கிச் சரியான ஜோடியோடு சேர்த்தாள். நான் இரண்டு வேறு காலுறைகளை மடித்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

டாக்டரின் புதுச் சட்டம்: மூன்று வேளையும் சாப்பாடு, முட்டையும் பயறும் கட்டாயம், களிம்பு மறுபடி தினமும். சர்க்கரையும் வெள்ளை ரொட்டியும் மட்டும் வேண்டாம். வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்து முழுக்கோதுமையில், சர்க்கரை போடாமல் ஒரு ரொட்டி சுட்டார். கால்மேல் விழுந்திருந்தால் கட்டுப்போடக் கால்நடை டாக்டர்தான் வந்திருக்க வேண்டும். இரண்டாவது முறை சுட்டதைப் பல்லில் கடிக்க முடிந்தது. மகள் மூன்று துண்டு சாப்பிட்டாள். மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். மாவு அலர்ஜியாம். முப்பது வருடமாக வராத அலர்ஜி.

ஏப்ரல் 19, ஞாயிறு

கன்னத்தில் குறைந்திருக்கிறது. நிஜமாகவே. என் வெறும் கண்ணால், வாசல் வெயிலில் பார்த்தேன். தாடையில் அப்படியே இருக்கிறது. டாக்டருக்கு போன் போட்டு, சாப்பாட்டாலா களிம்பாலா என்று கேட்டேன். "ரெண்டும் சேர்ந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல இன்னும் நாள் ஆகணும். நீங்க படம் மட்டும் அனுப்பாதீங்க" என்றார். என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு பாராட்டு வாங்கியதில்லை.

விண்ணப்பத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. நான் போட்டோ என்ற வார்த்தையை எடுப்பதில்லை. இன்று காலை கடைக்குக் கிளம்பும்போதுகூட, "ஸ்டுடியோவுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வந்து, "வெளிய போயிட்டு வர்றேன்" என்றேன். எங்கே என்று கேட்டார் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருடமாகப் போகிற இடம்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஆறு நாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நான்கு நாள். ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா? கேட்டால் தாய், கேட்காவிட்டால் தண்டனைக் கைதி. கேட்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

சாயங்காலம் வந்தால் சாப்பாட்டு மேஜையில் உறை. விலாசம் எழுதி, ஓரம் மடித்து, ஒட்டாமல் இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒட்டாத உறை அந்தக் கணக்கில் வராது.

உள்ளே விண்ணப்பத்தில் இரண்டு படமும் ஒட்டியிருந்தது.

"எங்க எடுத்தே?"

"ரயில்வே ஸ்டேஷன்ல. அந்தப் பெட்டி மாதிரி மெஷின் இருக்கே, காசு போட்டா எடுக்குமே, அதுல."

அந்த மெஷினா? அதன் வெளிச்சம் பொணத்துக்குத்தான் பொருந்தும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவள் நான். என் மகள், சொந்தக் கடை இருக்கும்போது, திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் போயிருக்கிறாள்.

"ஏண்டி, அம்மாகிட்ட வந்திருக்கக் கூடாதா? தொட்டிருக்கவே மாட்டேன்."

"தெரியும்மா. ஆனா நீ தொடாம இருக்கக் கஷ்டப்படறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணுமே."

உள்ளதைத்தானே சொல்கிறாள்.

விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் படத்தைப் பார்த்தேன். வெளிச்சம் படு மோசம். பின்னால் நிழல் கொம்பு முளைத்ததுபோல. தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. முடி இரண்டு காதுக்கும் பின்னால். தாடையில் மூன்று, கன்னத்தில் நான்கு, மங்கலாகப் பழைய தழும்புகள். அத்தனையும் இருக்கிறது. கண் மட்டும் நேராக என்னைப் பார்க்கிறது, எதை வேண்டுமானாலும் எண்ணிக்கொள் என்பதுபோல.

"மெஷின் நாலு கொடுத்தது. ரெண்டுதான் ஒட்டணும். ஒண்ணு அப்பா பர்ஸுக்கு." நான்காவதை மேஜையில் என் பக்கம் தள்ளினாள். "இதைக் கல்லூரியில வாங்க மாட்டாங்க. சிரிச்சிட்டேன்."

யாரோ ஒரு ஆள் உள்ளே யாரும் இல்லையென்று திரையை விலக்கினானாம், அதே நொடியில் அது படமெடுத்துவிட்டதாம். வாயெல்லாம் பல். மூக்கு சுருங்கி, கன்னம் மேலே ஏறி, பருவெல்லாம் கூடவே சேர்ந்து மேலே ஏறியிருக்கிறது.

நாளைக் காலையில் கடை ஷோகேஸில், பத்து வயது குறைத்து மாட்டியிருக்கிற பேங்க் மேனேஜர் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்துக்கொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "யாரு எடுத்ததுன்னு கேட்டா என்ன சொல்வே?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.