கிரோனெக்கில் பதினைந்து நாள்

கிரோனெக் ஹோட்டல், ஓபர்மாட்
11 ஏப்ரல் 1983, திங்கள்

என் கண்ணு மார்லீஸுக்கு,

அம்மா நலம். நீயும் மாப்பிள்ளை ஊர்ஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் தந்த பரிசைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் ரயிலேற்றிவிடும்போது நீதானே, "எப்படி இருக்குன்னு ஒளிக்காம எழுதும்மா" என்றாய். ஒளிக்காமல் எழுதுகிறேன், அனுபவி.

அறையிலிருந்து மலை தெரியும் என்று படத்தில் போட்டிருந்தார்கள். என் பால்கனியிலிருந்து தெரிவது கார் நிறுத்துமிடமும் அதன் ஓரத்தில் கறுத்துக் கிடக்கும் பனிக்குவியலும்தான். ஈஸ்டர் முடிந்ததும் பெரிய மனிதர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். நீச்சல் குளத்தைக் காலி செய்துவிட்டார்கள். மேலே போகும் கம்பிவண்டியை வருடாந்திரச் சோதனை என்று நிறுத்திவிட்டார்கள். வந்த நாளிலிருந்து விடாத மழை. பனிச்சறுக்கு ஊருக்கு வந்து குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சாப்பாட்டு அறையில் என்னைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். தனியாக வந்த கிழவிக்கு அவ்வளவுதான் மரியாதை போலிருக்கிறது. பரிமாறுகிறவர் வந்து, "மேடம், இடம் வசதியா இருக்கா?" என்று கேட்டார். "தூணையே பாத்துக்கிட்டு உக்கார நான் என்ன பல்லியா?" என்றேன். நன்றாகச் சிரித்தார். இடத்தை மட்டும் மாற்றவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். படுக்கை விரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. இருபத்தொன்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றவள் நான். இவர்கள் சோப்பைச் சரியாக அலசாமலே இஸ்திரி போடுகிறார்கள். தலையணை உறையில் ஒரு கிழிசலைத் தைத்து, அந்தப் பக்கத்தைக் கீழே மறைத்துப் போட்டிருந்தார்கள். இவ்வளவு பெயர் பெற்ற ஹோட்டலில்!

21ஆம் தேதி வியாழன், நம் கட்டடத்துப் பொதுத் துவைப்பறை எனக்கு வரும் நாள். அதை விட்டால் இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வந்துவிட நினைக்கிறேன். பதினைந்து நாள் இங்கே எனக்கு அதிகம். வீட்டுச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது, ஜன்னல் செடிகளுக்குத் தண்ணீர் விடு. போன முறை மாதிரி மூழ்கடித்துவிடாதே.

முத்தங்களுடன்,
அம்மா

*

தூன்
13 ஏப்ரல் 1983

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஊர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தைய அந்த ஹோட்டலுக்கு மேனேஜரா போட்டா நாலு நாள்ல நிமித்திடுவாங்க" என்கிறார்.

ஹோட்டலுக்கு நானே தொலைபேசியில் பேசினேன். வேறு அறை தருவதாகச் சொன்னார்கள். வானிலையும் சரியாகும் என்கிறார்கள். அம்மா, வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் விரிப்பைத் துவைத்தாய். ஒரு முறை உனக்கு யாராவது விரிக்கட்டுமே. நீ பாதியில் வந்தால் எனக்குத்தான் வருத்தம்.

துவைப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். 24ஆம் தேதி வரை நிம்மதியாக இரு. கால் எப்படி இருக்கிறது? அங்கே மின்தூக்கி இருக்கிறதல்லவா, அதிலேயே போய் வா. நவம்பரில் நீ மாடிப்படியில் விழுந்ததிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கமே இல்லை.

உன்
மார்லீஸ்

*

கிரோனெக் ஹோட்டல்
15 ஏப்ரல் 1983, வெள்ளி

கண்ணு மார்லீஸ்,

அறை மாற்றினார்கள். இப்போது மலை தெரிகிறது, மேகம் விலகினால். கீழே சமையலறைப் புகைபோக்கி இருக்கிறது. நாள் முழுக்க வெங்காயம் வதங்குகிற வாசனை. ஜன்னலைத் திறந்தால் மலையும் வெங்காயமும், மூடினால் இரண்டும் இல்லை.

நேற்று நடந்ததைக் கேள். சாப்பாட்டு அறையில் ஒரு மேஜை விரிப்பு கோணலாகத் தொங்கியது. கை சும்மா இருக்குமா? இழுத்துச் சரி செய்தேன். உடனே ஜூரிக் நகரத்துக்காரி ஒருத்தி, முத்துமாலையும் அவளுமாக வந்து, "இந்தாம்மா, என் ரூம்ல ஒரு துண்டுதான் இருக்கு, இன்னொண்ணு கொண்டு வை" என்றாள். அலமாரியைத் தேடிப் பிடித்து, துண்டை எடுத்துக்கொண்டுபோய், நான்கு மூலையும் சேர மடித்து அவள் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். அன்று இரவு உணவுக்கு அவளுக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து சூப் குடித்தேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சிரித்தாயா? எனக்கும் சிரிப்புதான் வந்தது. அறைக்கு வந்த பிறகு அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை. இங்கே எனக்கு யாருமில்லை மார்லீஸ். காலையில் படுக்கையை நானே சரிசெய்துவிடுகிறேன். அறையைச் சுத்தம் செய்ய வரும் பெண், "நாங்க செய்யறது பிடிக்கலையாம்மா?" என்று கலங்குகிறாள். அவளுக்காகத் திரும்பக் கலைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு என் அடுப்பு வேண்டும், என் நாற்காலி வேண்டும். நான்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், வாங்கட்டும். கிறிஸ்மஸின்போது நீ அந்த முதியோர் இல்லத்தின் பேச்சை எடுத்தாய். என் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன், நீயும் அதோடு விட்டாய். அதற்காக உன்னை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இதையும் அப்படியே விட்டுக்கொடு. 20ஆம் தேதி கிளம்பி வருகிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா

*

தூன்
18 ஏப்ரல் 1983

அன்புள்ள அம்மாவுக்கு,

தயவுசெய்து 20ஆம் தேதி கிளம்பாதே. உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். கட்டடத்தில் மாடிப்படிக்கெல்லாம் வண்ணம் அடிக்கிறார்கள். ஏற முடியாது, வழுக்கும், நெடி வேறு. வார முடிவில்தான் முடியுமாம்.

ஞாயிறன்று நானே காரில் வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். அதுவரை இரு அம்மா. எனக்காக.

செடிகள் நன்றாக இருக்கின்றன.

உன்
மார்லீஸ்

*

கிரோனெக் ஹோட்டல்
20 ஏப்ரல் 1983, புதன்
விரைவு அஞ்சல்

மார்லீஸ்,

இன்று காலை உன் கடிதத்தோடு இரண்டாவதாக ஒரு கடிதமும் வந்தது. என் பக்கத்து வீட்டுத் திருமதி ஸ்டுக்கி எழுதியது. என் வீட்டு விலாசத்துக்கே போட்டிருக்கிறாள்; தபால் நிலையத்தில் நான் கொடுத்துவிட்டு வந்த ஹோட்டல் விலாசத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன், படி:

"மதிப்பிற்குரிய திருமதி லூத்தி, புதிய இடத்தில் எல்லாம் நல்லபடி அமைய வாழ்த்துகிறேன். சொல்லாமல் போய்விட்டீர்களே என்று சிறு வருத்தம். போன வாரம் உங்கள் சாமான்கள் இறங்கியபோது கதவைப் பிடித்துக்கொண்டவள் நான்தான். ஒரு விஷயம். துவைப்பறைப் பட்டியலில் உங்கள் பெயரை அடித்துவிட்டார்கள். உங்கள் வியாழக்கிழமையை நான் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா? புதிதாக வருகிறவர்களுக்கு என் திங்கட்கிழமை போதும். முப்பத்து நான்கு வருஷம் உங்களுடையதாக இருந்த நாள், உங்களைக் கேட்காமல் எடுப்பது முறையில்லை என்று எழுதுகிறேன்."

இந்த ஸ்டுக்கியுடன் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், உனக்குத் தெரியும். கொடியில் ஒரு காலுறையை மறந்துவிட்டால் வீட்டு மேலாளருக்குப் புகார் எழுதுகிறவள். அவளுக்கு ஒரு வியாழக்கிழமையை எடுத்துக்கொள்ள என் அனுமதி வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு என் வீட்டையே எடுக்கக்கூட அது வேண்டியிருக்கவில்லை.

தொலைபேசியில் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் ஊர்ஸ்தான் எடுத்தார். "அத்தை, அவ வெளிய போயிருக்கா... வந்ததும் பேசச் சொல்றேன்" என்றார். மூன்றாம் முறை அவர் குரலே இறங்கிவிட்டது. பாவம், அவருக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் கால் கட்டுடன் கிடந்தபோது, "பேங்க் வேலைக்கு, வீட்டு வேலைக்கு எல்லாத்துக்கும் ஒரு கையெழுத்துப் போதும்மா" என்று நீட்டினாயே, அந்தத் தாள்தானே? அதை வைத்துத்தானே வாடகை வீட்டைக் காலி செய்வதாக என் பெயரில் எழுதிக் கொடுத்தாய்? மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதால் ஜனவரிக்குள் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் பிப்ரவரியில் என் சமையலறையில் உட்கார்ந்து நீ ஆப்பிள் கேக் தின்றபோதும் உனக்குத் தெரியும். வெந்நீர் போத்தலும் கம்பளிக் காலுறையும் வாங்கிக் கொடுத்து என்னை மலைக்கு அனுப்பியபோதும் தெரியும். நானோ இங்கே விரிப்பையும் சூப்பையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாமான் போய்விட்டது, புதியவர்கள் வரப்போகிறார்கள், இனி கத்திப் பயனில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டை ஒப்படைப்பது என்றைக்கு? அன்று நான் அங்கே இருக்க வேண்டும். என் அடுப்பை, என் ஜன்னல்களை நான்தான் துடைப்பேன். மேலாளர் விரலால் தடவிப் பார்க்கும்போது நான்தான் பக்கத்தில் நிற்பேன். சாவியை என் கையால் கொடுப்பேன். அந்த வீட்டுக்குள் உன் அப்பாவுடன் நுழைந்தவள் நான், வெளியேறுவதும் நானாக இருக்க வேண்டும். இதை மட்டும் எனக்கு விடு. நாளைக்கே தந்தி கொடு, முதல் ரயிலில் வருகிறேன்.

அம்மா

*

தூன்
22 ஏப்ரல் 1983

அம்மா,

உன் கடிதம் நேற்றுக் காலையே வந்தது. படித்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டேன். தந்தி கொடுக்கவில்லை. இன்று காலை பத்து மணிக்கு வீட்டை ஒப்படைத்துவிட்டோம்.

உன்னிடம் இனிப் பொய் சொல்லப் போவதில்லை. நீ வந்து வாசலில் நின்றிருந்தால் என்னால் சாவியைக் கொடுத்திருக்க முடியாது. அதனால்தான் கூப்பிடவில்லை.

என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டு. ஆனால் நவம்பரில் உன்னைக் கண்டெடுத்தது நான். இரண்டாம் மாடித் திருப்பத்தில், உருளைக்கிழங்குகள் சிதறிக் கிடக்க, நீ இரண்டு மணி நேரம் கிடந்திருந்தாய். "ஒண்ணுமில்லடி, சும்மா உக்காந்திருக்கேன்" என்றாய். அன்றிலிருந்து தொலைபேசி அடித்தாலே கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். இல்லத்தில் இடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஜனவரியில் ஒன்று வந்தது. உன்னைக் கேட்டால் முடியாது என்பாய். அந்த இடத்தை விட்டால் மறுபடி கிடைக்காது. கேட்காமல் செய்தேன்.

அறை தரைத்தளத்தில், தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. உன் கட்டில், நாற்காலி, தையல் பெட்டி எல்லாம் அங்கே வைத்துவிட்டேன். மீதியைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்தோம். வீட்டைத் துடைக்க ஒரு கம்பெனியை வைத்தேன், மூன்று பேர் ஒரு நாள் முழுக்கச் செய்தார்கள். மேலாளர் ஒரு குறையும் சொல்லவில்லை அம்மா. "லூத்தி அம்மா வீடுன்னா கேக்கணுமா" என்றார். அதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஹோட்டலுக்கு வருகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பின்சீட்டில் உட்கார்ந்துகொள். ஆனால் வா.

மார்லீஸ்

*

முதியோர் இல்லம், தூன்
2 மே 1983

மார்லீஸ் அவர்களுக்கு,

ஞாயிறன்று நீங்கள் ஹோட்டலுக்கு வந்தபோது நான் அங்கே இல்லாதது உங்களுக்குச் சிரமமாக இருந்திருக்கும். சனிக்கிழமை மாலை ரயிலிலேயே மலையை விட்டு இறங்கிவிட்டேன். அந்த ஹோட்டலில் வெள்ளியன்று கடைசியாகத் தந்த இரவு உணவு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தூணை விட்டு ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். ஆளே இல்லை, அதனால்தான்.

சனிக்கிழமை இரவு திருமதி ஸ்டுக்கி வீட்டுச் சோபாவில் படுத்தேன். அவளே வந்து கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "வாங்க, முதல்ல காப்பி குடிங்க" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் வீடு. புது வண்ணத்தின் நெடி அடித்தது. நீங்கள் வண்ணம் என்று எழுதியது முழுப் பொய் இல்லை, படிக்கட்டுக்கு அடிக்கவில்லை, அவ்வளவுதான். வியாழக்கிழமையை அவளே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அங்கேயே எத்தனை நாள் இருக்க முடியும்? போக வேறு இடமில்லை, அதை நீங்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள். மறுநாள் நானே டாக்ஸி பிடித்து இங்கே வந்து சேர்ந்தேன். அறை நல்ல அறைதான். தரைத்தளம், விழ வழியில்லை. உங்கள் பயம் தீர்ந்திருக்கும். பயம் உங்களுடையது, வீடுதான் என்னுடையது. அதைத் தீர்க்க இதைக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை மூன்றாம் முறை ஒத்துக்கொண்டும் இருப்பேன். அது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனதாக எழுதியிருந்தீர்கள். மற்றதையெல்லாம் என்றாவது மறந்துவிடுவேன். அதை மறக்க மாட்டேன்.

இங்கே பார்வை நேரம் ஞாயிறு இரண்டு முதல் நான்கு வரை. வருவதாக இருந்தால் முன்கூட்டி அலுவலகத்தில் சொல்ல வேண்டும், என்னைக் கேட்டுவிட்டு அவர்கள் பதில் சொல்வார்கள்.

சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. திருமதி ஸ்டுக்கியின் பெயரை எழுதினேன். அலுவலகப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையாம்மா?" என்றாள். படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விடலாம் என்று பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஹெட்விக் லூத்தி